அக்கா ஒரு யுகுலேலே வாங்கியிருக்கிறாள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். பயப்படாதே. உன் அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள், அதாவது அவள் நிலைமைக்கு நன்றாக. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால், போன வருடம் நீ அனுப்பிய பார்சல் அட்டையில் இருந்த விலாசத்தைத் தேடி எடுத்து இதை எழுதுகிறேன். நீ சொன்ன பரிசோதனை விஷயமாகக் கேட்பதற்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய்.

இப்போது மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவளுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். இங்கே இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகளில் எது ஆடும், எது ஆடாது என்பது எனக்கு அத்துப்படி. விடிகாலையில் வேலைக்குப் போய் இரண்டு கட்டடங்களில் லிஃப்ட்டைப் பழுது பார்த்துவிட்டு, அவளை இங்கே கூட்டி வந்து விட்டு, திரும்பவும் ஓடி, மறுபடியும் வந்து கூட்டிப்போகிறேன். போன வாரம் ஒரு லிஃப்ட்டின் கூரை மேல் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கூட இருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். இதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் உன் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்கு ஒரு யுகுலேலே வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை. ஏதோ புது மருந்தின் பெயர் என்று நினைத்தேன். கிடார் மாதிரி ஒரு குட்டி வாத்தியம் என்று பிறகு புரிந்ததும், களைப்போ என்னவோ, "இருக்கிற கஷ்டத்துல இது ஒண்ணுதான் குறைச்சலா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

உனக்குத் தெரியும், அவள் எதையும் கேட்கிறவள் இல்லை. தையல் வேலையை விட்ட பிறகு தனக்கென்று ஒரு ஜோடிச் செருப்புக்கூடக் கேட்டதில்லை. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவள் வாய் திறந்து ஒன்று கேட்டாள், நான் அடைத்துவிட்டேன். மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் இங்கிருக்கும் நர்ஸம்மாவிடம், அவள் கைக்கு அது ஆகுமா என்று விசாரித்தேன். இடது கையில்தானே ஊசி போட ரத்தக் குழாயை இணைத்திருக்கிறார்கள். நர்ஸம்மா சிரித்துவிட்டு, "கைப்பயிற்சிக்குப் பந்தை அழுத்துங்கன்னு தினமும் சொல்றேன், அழுத்தறதே இல்லை. இதையாவது அழுத்தட்டும். அந்தக் கையில கனம் மட்டும் வேண்டாம்" என்றார்.

டயாலிசிஸ் இல்லாத ஒரு நாளில் கிளம்பினோம். என் இரண்டு நாள் சம்பளம், அதற்கு மேல் போவதில்லை என்று பேசிக்கொண்டோம். கடை, டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவன், பெண்டாட்டியைப் படியேற வைத்தேன். மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினாள். நடுவில், "திரும்பிடலாமா?" என்று கேட்டேன். "இவ்வளவு ஏறினது வீணாப் போயிடும்" என்றாள்.

கடையை நடத்துவது ஒரு அம்மா. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். "குழந்தைக்கா?" என்று கேட்டார். உன் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்குத்தாங்க" என்றாள். அந்த அம்மா அவள் இடது கையில் இருந்த பேண்டேஜைப் பார்த்தார். ஒரு நாற்காலியை மின்விசிறிக்கு அடியில் இழுத்துப் போட்டார்.

முதலில் நீல வர்ணத்தில் ஒன்று எடுத்தோம். மீன் படம் போட்டு, பார்க்க ஜோராக இருந்தது, விலையும் மலிவு. அந்த அம்மாவே அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். "இது அலமாரியில வைக்கிறதுக்கு. காலையில சுருதி சேர்த்தா மத்தியானம் இறங்கிடும். முதல்முதலா கத்துக்கறவங்க, தப்பு தன் மேலதான்னு நினைச்சு விட்டுடுவாங்க" என்றார். இன்னொன்று, முழுக்க ஒரே மரத்தில் இழைத்தது. தட்டினாலே கிண்ணென்று ஒலித்தது. விலை கேட்டதும் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் சுவரைப் பார்த்தோம்.

கடைசியில் நடுத்தரமாக இரண்டு. மெல்லிய பலகைகளை ஒட்டிச் செய்தவைதான், ஆனால் முதல் வாத்தியத்துக்கு அது போதும் என்றார். மிகச் சிறிய அளவு பெரியவர்கள் விரலுக்கு நெருக்கும் என்று அடுத்த அளவில் எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பாட்டு தெரியாவிட்டாலும் இயந்திரம் தெரியுமே. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். குறுக்கே பதித்த கம்பிகளின் முனை விரலைக் கீறுகிறதா என்று தடவிப் பார்த்தேன். ஒன்றில் தந்தியை இறுக்கும் முறுக்காணி வழுக்கியது. மற்றதில் சின்னப் பல்சக்கரம் வைத்திருந்ததால், திருப்பிய இடத்தில் நின்றது. ஆனால் அதன் முதுகில் நீளமாக ஒரு கீறல். அதைக் காட்டி நான் பேரம் பேச, உன் அக்கா என்னைப் பேசவிடாமல், "முதுகுதானே, வாசிக்கும்போது என் கண்ணுக்குத் தெரியாது" என்றாள். அந்த அம்மாவே விலையைக் குறைத்துவிட்டார்.

தந்தியை அழுத்திப் பார்க்கச் சொன்னார். தையல்காரி விரல் அல்லவா, கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு முறை மீட்டினாள். அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சுருதி போய்விட்டது. புதுத் தந்திகள் சில நாள் இழுத்துக்கொண்டே இருக்குமாம். அவள் திருகிக்கொண்டே, "சுண்டு இதை எப்படித்தான் சேர்ப்பானோ" என்றாள். உன்னை அவள் இன்னும் சுண்டு என்றுதான் சொல்கிறாள், நீ என்னைவிட ஒரு சாண் உயரம் என்பதெல்லாம் அவள் கணக்கில் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ யுகுலேலே வாசிக்க, பிள்ளைகள் பாடுகிற வீடியோவெல்லாம் முன்பு அனுப்புவாயே, அவற்றை டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி திரும்பத் திரும்பப் பார்ப்பாள். "அதுக்காகத்தான் கேட்டியா?" என்றேன். வாத்தியத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"என்கிட்ட பேசணும்னா அவனுக்கு இப்ப கிட்னியைத் தவிர வேற பேச்சு ஏதுங்க? அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியாமதான் போனையே எடுக்க மாட்டேங்கறான். இது கையில இருந்தா, இந்தத் தந்தியை எப்படிடா பிடிக்கிறதுன்னு கேட்கலாம். அவனும் சொல்லுவான். பேச்சு நின்னுடக் கூடாதுங்க."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தம்பி, உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால், "நான் டெஸ்ட் எடுத்துப் பார்க்கறேன் அத்தான், பொருந்தினா ஒண்ணு குடுத்துடறேன்" என்று நீயாகத்தான் சொன்னாய். நாங்கள் கேட்கவில்லை. அதன் பிறகு உன் குரலே இல்லை. என் ரத்தம் பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று, உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பாமல் கிழித்துப் போட்டது நல்லதாயிற்று. உனக்குச் சின்னப் பிள்ளைகள். உன் மனைவி பயந்திருப்பாள். நீயும் பயந்திருப்பாய். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது எங்கள் பாடு. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம், நாங்களும் கேட்க மாட்டோம். அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

ஆனால் ஒன்று செய். புதன்கிழமை மத்தியானம் அவள் வீட்டில்தான் இருப்பாள். நான் வேலையில் இருப்பேன், என்னோடு பேச வேண்டிய சங்கடமும் உனக்கு இல்லை. சும்மா கூப்பிடு, வாங்கிய வாத்தியத்தை அவளே காட்டுவாள். நல்லதாக வாங்கவில்லை என்று திட்டு. அவளுக்கு அது பிடிக்கும். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே.

நர்ஸம்மா கையசைக்கிறார், ஊசியை எடுக்கிற நேரம். நிறுத்திக்கொள்கிறேன். அவள் தினமும் சாமிக்கு முன்னால் நின்று உனக்காக வேண்டிக்கொள்வதை நானும் இங்கே எழுதிவிடுகிறேன். முழு உடம்போடு, ஒரு குறையும் இல்லாமல், நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மேல் இப்போது கோபம் இல்லாத
அத்தான்