நிரோவுக்குக் கிடைத்த இடம்

ஜனவரி 17, திங்கள், 2005

பனியும் மழையும் கலந்து கொட்டியது. 120 பஸ் வரவேயில்லை. ஷிப்டுக்குப் பிந்திப் போய் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினது மிச்சம். பிறகு நாள் முழுக்க பெல்ட்டில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கல்: பன், பட்டர், சீஸ், கரண்டி. பன், பட்டர், சீஸ், கரண்டி. விரல் விறைத்துப்போய் இப்போதும் பேனை சரியாகப் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் நிரோ வாசலிலேயே நிற்கிறாள், செருப்பும் இல்லாமல். மருத்துவப் படிப்புக்கு இடம்! சாதாரணமாக, வரும் கோடையில் எழுதப்போகும் சோதனையில் மூன்று ஏ வேண்டும். அவளுக்கு மூன்று பி போதுமாம். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் போல, நல்ல மார்க்ஸ் வராத இடங்களில் இருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பார்த்து எடுக்கும் ஒரு திட்டம். தாய் தகப்பன் பல்கலைக்கழகம் போகாதவர்களாகவும் இருக்க வேண்டும். அது எங்களுக்குப் பிரச்சினை இல்லை, இரண்டு பேரும் போகவில்லை.

அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும்.

இவர் பெட்ரோல் ஸ்டேஷன் வேலை முடிந்து ஏழு மணிபோல வந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "ஏன் உனக்கு மட்டும் குறைச்சுக் கேக்கினம்?"

ஜனவரி 18, செவ்வாய்

எழும்பியதிலிருந்து இவர் முகம் சரியில்லை. கோப்பையை வைத்த சத்தத்திலேயே விளங்கியது. மத்தியானம் தொடங்கினார்.

"என்ரை பிள்ளைக்கு மூளை குறைவெண்டு எழுதித் தந்திருக்கினம். அதை நீர் கொண்டாடுறீர்."

"மூளை குறைவெண்டு ஆர் சொன்னது? பள்ளிக்கூடம் சரியில்லையெண்டுதானே சொல்லுறாங்கள்."

"அவளுக்குக் குறைச்சுக் குடுத்தா, மூண்டு ஏ எடுத்த ஒரு பிள்ளை வெளியிலை நிக்கும். அந்தப் பிள்ளை ஆர்? நான்தான். முப்பது வரியத்துக்கு முந்தி நான்தான் அந்தப் பிள்ளை."

நான் கோப்பையைக் கழுவப் போனேன். பதில் சொன்னால் என் அண்ணனின் கதையில் போய் முடியும். முடியாமல் இருந்ததே இல்லை.

ஜனவரி 19, புதன்

வாங்க வேண்டியது: தேங்காய்ப்பால், செத்தல் மிளகாய், பஸ் பாஸ், நிரோவுக்குக் கறுப்புக் காலுறை.

நிரோ கேட்டாள், "அம்மா, வட் இஸ் ஹிஸ் புரொப்ளம்?" சரி, இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்று முழுக்கச் சொன்னேன், இப்படி:

எழுபதுகளில் இலங்கையில் கம்பஸுக்குப் பிள்ளைகளை எடுக்கும் முறையை மாற்றினார்கள். முதலில் தமிழில் சோதனை எழுதியவர்களிடம் கூடுதல் மார்க்ஸ் கேட்டார்கள். பிறகு மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. தரப்படுத்தல் என்று பெயர். அப்பா யாழ்ப்பாணத்தில் எழுதினவர். பழைய முறையென்றால் பொறியியல் கையில். புது முறையில் மயிரிழையில் வெளியே. இரண்டாம் தரமும் எழுதினார், இரண்டாம் தரமும் அதே கதை. உன்னுடைய மாமா மன்னாரில் எழுதினவர். எங்கள் பள்ளியில் இரசாயன ஆய்வுகூடம் இல்லை, பூட்டின அறை ஒன்றுக்கு அந்தப் பெயர். பின்தங்கிய மாவட்டம் என்று மாமாவுக்கு இடம் கிடைத்தது. அப்பாவைவிட மார்க்ஸ் குறைவு. மாமா டாக்டர்.

நிரோ தலைமயிரை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு, "ஸோ மாமா வாஸ் மீ."

ஓம். அதுதான் கதை. தமிழரை மட்டம் தட்டக் கொண்டுவந்தார்கள், அதே சட்டத்தில் என் அண்ணன் படித்தான். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு இருபது வருடமாகச் சமைக்கிறேன். யுத்தம் நடந்தபோதும் அண்ணன் ஊரை விட்டு வரவில்லை, இன்னும் மன்னாரில்தான் மருந்து எழுதுகிறான். அதைச் சொன்னால் இவர், "உம்மடை அண்ணர் நல்லவர்தான், நான் இல்லையெண்டனானோ" என்பார். சொல்லிவிட்டு ரீவிச் சத்தத்தைக் கூட்டுவார்.

ஜனவரி 23, ஞாயிறு

பூசைக்குப் பிறகு சேர்ச் ஹோலில் தேநீர். செல்வம் அண்ணை வந்தார். இவருடைய ஊரவர், ஜெர்மனியில் இருந்து வந்து இங்கே கடை வைத்திருப்பவர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை.

"உந்தத் திட்டமெல்லாம் கறுப்புப் பெடியளுக்கு. எங்கடை பிள்ளையளுக்கு ஏன்? ரியூசனுக்கு விட்டாக் காணும், தானா வரும்."

நிரோவுக்கு வாய் நிற்கவில்லை. "அங்கிள், இங்கை எங்களையும் அப்பிடித்தான் பாக்கினம். என்ரை கிளாஸிலை ஜெரோம் எண்டு ஒரு கறுப்புப் பெடியன். அவனுக்கு ரியூசன் இல்லை. பின்னேரம் தம்பியைப் பாக்கிறவன். எனக்கு மூண்டு வரியம் சனிக்கிழமை ரியூசன். அவன் என்னை விடக் கெட்டிக்காரன்."

செ. அண்ணை சிரித்தார். "பிள்ளை நல்லாக் கதைக்குது." இவர் சிரிக்கவில்லை.

ஜெரோம் என்னோடு வேலை செய்யும் மார்சியாவின் மகன். அவனுக்கும் அதே திட்டத்தில்தான் இடம். பெல்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே நேர்த்திக்கடன் வைத்திருக்கிறோம் போல.

ஜனவரி 31, திங்கள்

கேஸ்காரன் வரவில்லை, ஹீட்டர் இன்னும் அரைகுறை.

நிரோவின் கெமிஸ்ட்ரி ரீச்சர் டிசம்பரில், நத்தாருக்கு முன்பே விட்டுப் போய்விட்டார். இன்றைக்கும் பதில் ஆள்தான், ஜோக்ரஃபி படிப்பிக்கிறவராம். அவர் பாவம் புத்தகத்தை வாசித்துக்கொண்டு இருந்தாராம். இதற்கு யாரைப் பிடித்துக் கேட்பது? பள்ளி கவுன்சிலைக் காட்டும், கவுன்சில் அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் தாய் தகப்பன் கவனிக்க வேண்டும் என்று எங்களைக் காட்டும். நான் பன், பட்டர், சீஸ், கரண்டி.

இவரிடம் சொன்னேன். உடனே வந்தது பதில்: "அப்ப ரீச்சரைப் போடச் சொல்லும். அதை விட்டுட்டு மார்க்ஸைக் குறைக்கிறது என்ன நியாயம்?"

அதிலும் நியாயம் இருக்கிறது. இவரிடம் எப்போதும் பாதி நியாயம் இருக்கும். அதுதான் கரைச்சல்.

பிப்ரவரி 8, செவ்வாய்

நாளை தவக்காலம் தொடக்கம். இனிப்பு விடுவது என்று முடிவு. போன வருடம் மூன்றாம் நாள் தோற்றேன்.

வியாழன் பின்னேரம் பல்கலைக்கழகத்தில் சந்திப்பு. இடத்தை உறுதி செய்ய முன் குடும்பத்தைப் பார்த்துக் கதைப்பார்களாம். நான் மட்டும் போவது என்று நினைத்திருந்தேன். இரவுச் சாப்பாட்டில் இவர் தானாக, "நானும் வாறன்" என்றார். நிரோ எழும்பிப் போய்த் தகப்பனின் தலையில் கொஞ்சினாள். இவர் வெட்கப்பட்டு, "சோறு காணும், சோறு காணும்" என்றார்.

கலியாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்துப் பார்த்தார். பொத்தான் எட்டவில்லை. செ. அண்ணையிடம் இரவல்.

பிப்ரவரி 10, வியாழன்

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் நித்திரை இல்லை.

நல்ல ஹோல். சான்ட்விச், எங்களுக்காக சமோசாவும். வந்தவர்கள் எங்களைப் போன்ற ஆட்கள்தான். பஸ் ஓட்டுகிறவர் ஒருவர், துப்புரவு வேலை செய்யும் சோமாலிப் பெண் ஒருத்தி, மார்சியாவும் ஜெரோமும். எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டு, கோப்பையைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர் கழுத்தில் ரை கட்டி நிமிர்ந்து நின்றார். பார்க்கப் பெருமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

திட்டத்துக்குப் பொறுப்பான பெண் வந்தார். நரைமுடி, நல்ல முகம். கெட்ட மனிசி இல்லை. நிரோவின் கையைப் பிடித்துப் பாராட்டினார். பிறகு இவரிடம் திரும்பி, தலையைச் சரித்து, ஒவ்வொரு சொல்லாக, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரிடம் கதைப்பது போல. குடும்பத்திலேயே நிரோதான் முதல் ஆள், இல்லையா? உங்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை, இல்லையா?

இவர் ரையைத் தொட்டார். "எனக்குக் கிடைத்தது," என்றார், இங்கிலிஷில். "பொறியியல்."

மனிசி முழித்தார். "பட்டம் பெற்றீர்களா?"

"யெஸ்."

உண்மை தெரிந்த மார்சியா என்னைப் பார்த்தாள். நிரோ நிலத்தைப் பார்த்தாள். மனிசி சிரித்த முகத்தோடு "எவ்வளவு நல்லது" என்று சொல்லிவிட்டு, மற்ற மேசையில் இருந்த ஆளிடம் போய்க் குனிந்து ஏதோ கதைத்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அத்தனை பேருக்கு முன்னால் "என் மனிசன் பொய் சொல்கிறார்" என்பதா? வாய் திறந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று இவரிடம் கேட்டேன். அதுதான் வந்தது.

டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

பிப்ரவரி 11, வெள்ளி

மீன் வாங்கினேன், சமைக்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு அறிவித்துவிட்டார்கள். தகப்பன் பட்டதாரி என்றபடியால் நிரோ திட்டத்துக்குள் வரமாட்டாள். இடத்தைப் பறிக்கவில்லையாம், பெருந்தன்மை. மற்றவர்களைப் போல மூன்று ஏ எடுத்தால் வரலாம்.

நிரோ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசு.

பிப்ரவரி 12, சனி

இவரிடம் கேட்டேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"இஞ்சேருங்கோ, ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நான் பொய் சொன்னனானோ? எனக்குக் கிடைச்சது. மார்க்ஸ் இருந்தது. அவங்கள்தான் தரேல்லை."

"பட்டம் எடுத்தனான் எண்டு சொன்னனீங்கள்."

சிங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "அந்த மனிசி என்னைப் பாத்த பார்வையை நீர் பாத்தனீரோ?"

பார்த்தேன். நானும் பார்த்தேன். அதுதான் கோபமும் முழுதாக வருகிறதில்லை.

நிரோவின் அறைக்குப் போய், நான் போன் பண்ணி உண்மையைச் சொல்லவா என்று கேட்டேன். "நோ அம்மா. அப்பா லையர் எண்டு நீங்கள் சொல்லப் போறீங்களா? அப்பாதான் சொல்லவேணும். இல்லாட்டி வேண்டாம்." பதினேழு வயது. இந்த ரோசம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

செ. அண்ணை கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "மூண்டு ஏ எடுத்துத்தான் போறாளாம்! ஒருதற்றை தயவும் இல்லாமல்! அதெல்லோ எங்கடை பிள்ளை!" என்று இவரின் கையைக் குலுக்கினார். இவர் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பூசையில் சாமியாரின் பிரசங்கம் இன்றைக்குத் தாழ்ச்சியைப் பற்றித்தான். நான் பெஞ்சின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14, திங்கள்

வேலையில் மார்சியா. இடைவேளையில் நேரே கேட்டாள்.

"உன் புருஷன் வெட்கப்பட்டார். எனக்கு விளங்குகிறது. ஆனால் என் மகன் ஓம் என்று வாங்கிக்கொண்டான். அப்போது அவன் வெட்கம் கெட்டவனா?"

இல்லை என்றேன். இல்லவே இல்லை என்றேன். ஊரில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன், தரப்படுத்தல், மாவட்டம், அண்ணன். என் இங்கிலிஷில் அது பாதியில் நின்றது. அவள் கேட்டாள், பிறகு சொன்னாள், "அவருக்கு அங்கே செய்தார்கள். எங்களுக்கு இங்கே செய்தார்கள். ஜெரோம் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லையே."

பின்னேரம் மற்றப் பெல்ட்டுக்கு மாறி நின்றாள். கோபமோ, அங்கே ஆள் குறைவோ தெரியவில்லை.

இனிப்பு: ஆறாம் நாளே தோல்வி. சொக்லேட், இரண்டு துண்டு.

பிப்ரவரி 18, வெள்ளி

நிரோவுக்கு மாதிரிச் சோதனை மார்க்ஸ். பயோலொஜி ஏ. மெத்ஸ் பி. கெமிஸ்ட்ரி சி. சனி ரியூசனோடு ஞாயிறும் போகிறேன் என்கிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு.

இவர் சவரம் செய்து, சேர்ட் போட்டு, அவளின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "கொண்டா, கெமிஸ்ட்ரி நான் சொல்லித் தாறன். எனக்கு அதிலைதான் நல்ல மார்க்ஸ்." வினாத்தாளை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார்.

"இது என்ன வரைபு? இது எங்கடை காலத்திலை இல்லை."

நிரோ விளங்கப்படுத்தினாள். பொறுமையாக, இரண்டு தரம். இவர் தலையாட்டினார். விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் போய் உடுப்பு மடித்தேன்.

பிப்ரவரி 21, திங்கள்

காலையில் நல்ல வெயில். பிப்ரவரிக்கு அதிகம்.

இவர் வேலைக்கு லீவு சொல்லியிருக்கிறார். குளியலறையில் சத்தம். யாரோடு கதைக்கிறார் என்று கதவடியில் நின்றேன். இங்கிலிஷில் ஒரே வசனம், திரும்பத் திரும்ப. "நான் பல்கலைக்கழகம் போகவில்லை. மன்னிக்க வேண்டும். நான் பல்கலைக்கழகம் போகவில்லை."

வெளியே வந்தார். ரை கட்டியிருந்தார். "நேரை போய்ச் சொல்லப்போறன். போனிலை சரிவராது. நிரோ, நீயும் வா."

நிரோ சீரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்தாள். "அப்பா, நான் வெள்ளிக்கிழமை யூனிவர்சிட்டிக்குப் போன் பண்ணிக் கேட்டனான். நீங்கள் சொன்னா மாத்துவினமோ எண்டு."

"என்ன சொன்னவை?"

"திட்டத்திலை இருந்த அந்த இடம் குடுத்தாச்சாம். காத்துக்கொண்டிருந்த வேறை ஆருக்கோ."

இவர் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப இனி ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"