முகம் தெரியும் கல்

லைட்ஹவுஸ் குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை.

மஸ்கட்டில் ஏசிக்குக் கீழே சுகமாக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, சுபஸ்ரீ வணக்கத்தோடு எழுதுவது. போனில் பேசினால் 'மேனேஜர் வர்றாரு'னு பாதியில் வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாதே, அதனால்தான்.

நீங்கள் ஆசைப்பட்ட சிவப்புக் கிரானைட்டை வாசற்படியிலும் கூடத்திலும் போட்டாயிற்று. பக்கத்து வீட்டு பிரசாந்தின் டைல்ஸை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டீர்கள். திருப்தியா?

கல்லைப் பற்றி வீடியோ வீடியோவாக அனுப்பினீர்களே, எல்லாம் பார்த்தேன். பூமிக்கு அடியில் நெருப்புக் குழம்பாகக் கிடந்ததாம், லட்சக்கணக்கான வருஷம் மெல்ல மெல்ல ஆறியதாம், அதனால்தான் மணி மணியாகத் தெரிகிறதாம், கத்தியால் கீறினாலும் கோடு விழாதாம். கல்லை நான் குறை சொல்லவில்லை. அடுப்படி மேடையில் மீன் அரிந்துவிட்டு ஒரு துடை துடைத்தால் கறையே இல்லை. ஆனால் அம்மியைக்கூடக் கொத்தித்தானே வைக்கிறோம்? பொன்னேரிக் கடைக்காரரே, "வாசலுக்குச் சொரசொரப்பா போடும்மா, ஈரத்துல வழுக்கும்"னார். நீங்கள்தான், "முகம் தெரியணும், அதான் கெத்து"னு குதித்தீர்கள். ஏரிச் சேற்றோடு ஈரக் கால் ஏறி வரும் வீடு என்பது நாலு வருஷத்தில் மறந்துபோச்சா? வலைக்காரர் பெற்ற பிள்ளைக்கு நல்ல மூளை!

வெள்ளிக்கிழமை விடியலில் இறால் கூடையோடு வந்த உங்கள் நைனா முதல் படியிலேயே வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இனிமேல் ஏரியில் இறங்கவே கூடாது என்கிறார் டாக்டர்.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் ஏரியில் வலை கட்ட நம் வீட்டுப் பாடு, நம் முறை. வீட்டு ஆண் ஒருவர் இறங்கினால்தான் செல்லும். கூலி ஆள் இறங்கினால் செல்லாது, நான் இறங்கினாலும் செல்லாது. யாரும் இறங்காவிட்டால் நம் பெயரை எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தத் தண்ணீரில் நமக்கு இடமே கிடையாது. இது தெரிந்தும், "லீவு கெடைக்காது நைனா, காசு அனுப்புறேன்"னு ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணின அவரிடம் சொன்னீர்களாமே. காசு வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை கட்டுமா? நல்லா இருக்கு உங்கள் நியாயம்!

அதை அவர் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. நேற்று ஊர்ப் பெரியவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, "பாடு முறைக்கு இன்னா பண்ணப் போற குப்பா?"னு கேட்டார்கள். படுத்தபடியே, "எம் புள்ள டிக்கெட் போட்டுட்டான், வந்துடுவான்"னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன். அவர்கள் போகும் வரைக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கங்கையம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். அவரை மட்டும் பொய்யராக்கிவிடாதீர்கள்.

உங்கள்
சுபஸ்ரீ