ஆறரை அடி ஒழுங்கை

ஓகஸ்ட் 11, ஞாயிறு

மகன் நிலக்ஷன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். நாலு நிமிடம். சாப்பிட்டீங்களோ, மருந்து போட்டீங்களோ, சரி அப்பா வைக்கிறன். அதற்குப் பிறகு இன்றைக்கு ஒருவரோடும் கதைக்கவில்லை. மனிசி சறோஜினி உயிரோடு இருந்த காலத்தில் வாயை மூடு என்று அவளை எத்தனை தரம் ஏசியிருப்பேன்.

ஓகஸ்ட் 20

கிராம சேவகர் வாகீசன் அளவு நாடாவோடு வந்தார். எங்கள் ஒழுங்கைக்குள் முன்பு மூன்று வீடு. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டியதும் சேர்த்து இப்போது பதினான்கு. றோட்டுக்குப் போக இந்த ஒடுங்கின வழி ஒன்றுதான், பின்பக்கம் கடல். மாரியில் வெள்ளம் ஏறினால் அத்தனை பேரும் என் மதிலுக்கும் எதிர்வீட்டு இளையதம்பியின் வேலிக்கும் நடுவால்தான் வெளியேற வேண்டும். அந்த இடம் ஆறரை அடி.

"அம்புலன்ஸ் உள்ளை வராது ஐயா. ரெண்டு பக்கமும் விட்டுக் குடுத்தால் நல்லம்."

"ஒழுங்கையைப் பிடிச்சது எதிர்வீட்டுக்காரன். அங்கை போய்க் கேளும்!"

இளையதம்பியோடு பதினொரு வருசமாகப் பேச்சில்லை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோம். வேலிச் சண்டையில் என்னைப் பார்த்து ஒழுங்கைக் கள்ளன் என்றான். முப்பது வருசம் நில அளவைக் கந்தோரில் படம் கீறின என்னைப் பார்த்து!

ஓகஸ்ட் 23

அலுமாரியிலிருந்து பழைய காணிப் படத்தை எடுத்தேன். அவன் முகத்தில் எறியத்தான் எடுத்தேன். படத்தில் ஒழுங்கை பன்னிரண்டு அடி. மண்ணைக் கிண்டி எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து அளந்தேன்.

அவன் பக்கம் பிடித்தது எட்டு அங்குலம்.

என் பக்கம் நாலு அடி பத்து அங்குலம்.

மூன்று தரம் அளந்தேன்.

ஓகஸ்ட் 24

களவெடுக்கவில்லை. சத்தியமாக இல்லை. வேலி அடைக்கிற நேரம், முன்பு ஊன்றின பழைய கதியால் தடி துளிர்த்துப் பருத்து மரமாய் நிற்கும். நல்ல பூவரசைத் தறிக்க மனம் வராது, புதுக் கதியாலை அதற்கு வெளியே ஊன்றுவோம். அப்பாவும் அப்படித்தான் ஊன்றினார், நானும் அப்படித்தான். ஒவ்வொரு தரமும் ஒரு சாண். பிறகு மகன் மதில் கட்டச் சொன்னான். கடைசிக் கதியால் வரிசையில் கட்டினேன்.

இதைப் போய் இளையதம்பியிடம் சொல்வதா? அதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

செப்ரெம்பர் 18

வாகீசன் திரும்பவும் வந்தார். இளையதம்பி தன் வேலியைப் பின்னுக்கு எடுக்க ஓம் என்றுவிட்டானாம். நீங்கள் என்ன சொல்லுறியள் என்று கேட்டார். மகனிட்டைக் கேட்கோணும் என்றேன். பொய். படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

ஒக்ரோபர் 6

அவன் வேலியைப் பிடுங்கிப் பின்னுக்கு நட்டுவிட்டான். அவனும் தனியாள்தான், உதவிக்கு ஒருவரும் இல்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து நெஞ்சைத் தடவினான். ஒரு தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இப்போது ஏழடி இரண்டு அங்குலம். இன்னும் போதாது.

ஒக்ரோபர் 7

மழை முடியட்டும். தையில் உடைப்போம்.

நவம்பர் 27

மூன்று நாள் மழை, ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு வெள்ளம். பின்னேரம் கடைசி வீட்டு நிருஜா கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"இளையதம்பி மாமாக்கு நெஞ்சு நோகுதாம்! அம்புலன்ஸ் றோட்டிலை நிக்குது, உங்கடை மதிலாலை உள்ளை வர ஏலாதாம்!"

கதிரையில் இருத்தித் தூக்கினோம். நாலு பேர். கதிரையின் ஒரு காலை நான் பிடித்தேன். றோட்டு வரைக்கும் நூற்றைம்பது யார் தூரம், தண்ணீருக்குள் அடியடியாக. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"தம்பிராசா, வழுக்கும். பார்த்து வாரும்."

பதினொரு வருசத்துக்குப் பிறகு. கதிரைக் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நவம்பர் 28

போயிட்டான்.

கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாமெண்டு டொக்குத்தர் சொன்னவராம். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தின்றது ஆர்? நான். நான்தான். வேறை ஆர்?

டிசெம்பர் 9

மதிலை உடைத்தாயிற்று. செத்தவீட்டுக்கு வந்த அவன் பிள்ளைகளுக்கும் ஒழுங்கைக்காரருக்கும் முன்னால் படத்தை விரித்து, நாலு அடி பத்து அங்குலம் என்று வாயால் சொன்னேன். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

டிசெம்பர் 25

மழை. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது.

ஜனவரி 20

வாகீசன் ஒரு லிஸ்ற்றோடு வந்தார். வெள்ளம் வந்தால் தனியாக இருப்பவர்களை யார் போய்க் கூட்டிவருவது என்று வீடு வீடாக எழுதியதாம்.

"உங்கடை பேருக்கு நேரை இளையதம்பி ஐயாவின்ரை பேர் கிடக்கு. மாத்தோணும்."

"அதை ஆர் எழுதினது?"

"நான்தான் ஐயா. ஓகஸ்டிலை உங்களிட்டை வந்திட்டு அங்கை போனனான். 'தம்பிராசா தனிய இருக்கிறான். நான் கூப்பிட்டால் வரமாட்டான், இழுத்துக்கொண்டு வாறன், என்ரை பேரைப் போடும்' எண்டவர்."

ஒழுங்கையைப் பிடிச்சது எதிர்வீட்டுக்காரன் என்று சொல்லி நான் வாகீசனை அங்கே அனுப்பிய அதே நாள்.

"இப்ப ஆரைப் போடுறது ஐயா?"

பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதினான்கு வீட்டையும் ஒவ்வொன்றாக மனதில் நினைத்துப் பார்த்தேன். ஒரு பெயரும் வாயில் வரவில்லை. பிறகு வாறன் ஐயா என்று சொல்லி, இளையதம்பியின் பெயரை வெட்டாமலே லிஸ்ற்றை மடித்துக்கொண்டு போனார்.