பாதி அறுத்த கிளை

மரக்காணம்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி தமிழரசனுக்கு அக்கா கீதாஞ்சலி எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம். கூடலூர் மழையில் மரம் வழுக்கும், பார்த்து ஏறு. போனில் சொல்லியிருப்பேன். ஒரே அறையில் உன் மாமா படுத்திருக்கிறார், அவர் காதில் விழக்கூடாது.

புயலில் உப்பளம் முழுக்கத் தண்ணீர். பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. தை பிறக்கும்வரை எனக்கு வேலை இல்லை. அது கிடக்கட்டும், மனசு குளிர ஒரு செய்தி இருக்கிறது. மரம் வெட்டும் காண்ட்ராக்டர் தட்சணாமூர்த்தி வீட்டுப் புளியமரம் சாய்ந்து, பெரிய கிளை அவன் மாடிக்கு மேலே நிற்கிறது. கிரேன் நுழைய வழியில்லை. ஆள் ஏறித்தான் இறக்க வேண்டும். வானூர் வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டான், ஒருத்தரும் வரவில்லை. நேற்று நம் வாசலுக்கே வந்து, உன் தம்பியக் கூப்புடும்மா, அவன் ஒருத்தன்தான் இதுல ஏறுவான் என்று கெஞ்சினான். உள்ளே படுத்திருக்கிறவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன கார்த்திகையில் நடந்ததை நீ நேரில் பார்க்கவில்லை. ரோட்டோரத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கிளையைப் பாதி அறுத்து, அதில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார் உன் மாமா. கயிற்றின் மறுநுனி கீழே உப்பு லாரியில். இருங்கப்பா, இன்னும் நான் தள்ளி வரல என்று கத்தியிருக்கிறார். பஸ்ஸெல்லாம் நிக்குது என்று இந்தத் தட்சணாமூர்த்தி லாரி டிரைவருக்கு இழு என்று கை காட்டிவிட்டான். கிளையோடு அவரும் வந்து விழுந்தார், அன்று படுத்தவர்தான்.

விழுந்ததைக்கூட விதி என்று விட்டிருப்பேன். குடித்துவிட்டு ஏறினான் என்று ஸ்டேஷனில் சொன்னானே, அதை விடமாட்டேன். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த மனுஷன், தம்பி. உப்பளத்தில் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நம் பெரியவளுக்குக் குடிகாரன் மகள் என்று பெயர்.

அதனால் நீ வா. ஒருத்தன் ரம்பம் வைத்து நிறுத்திய கிளையை இன்னொருத்தன் தொடமாட்டான், எங்கே பிளக்கும் என்று அறுத்தவனுக்குத்தான் தெரியும் என்று நீதானே சொன்னாய். அந்தக் கிளையைப் பாதி அறுத்துவிட்டு இறங்கிவிடு. தனகோடி குடிக்கல, நான்தான் அவசரப்பட்டுக் கை காட்டினேன் என்று ஊர் முன்னால் அவன் வாயால் சொல்லட்டும். ஸ்டேஷனிலும் வந்து சொல்லட்டும். அதன்பிறகு ஏறு. சொல்லாவிட்டால் ரம்பத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட வா, மீன் குழம்பு வைத்திருப்பேன். கிளை விழுந்தால் விழட்டும். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் புயலன்றே தாய்வீட்டுக்குப் போய்விட்டார்கள், விசாரித்துவிட்டேன்.

நீ வருவாய் என்று அவனிடம் சொல்லியாகிவிட்டது. உன் மாமாவுக்குத் தெரிந்தால், பாவம்டி, முழுசா வெட்டிக் குடுக்கச் சொல்லு என்பார். அவர் குணம் அது. எனக்கு அந்தக் குணம் இல்லை.

கங்கையம்மன் உன்னைக் காப்பாள். ஏறும் முன் இடுப்பு பெல்ட்டை இழுத்துப் பார். கீழே கயிறு பிடிக்க அவன் ஆட்களை விடாதே. நான் வந்து பிடிக்கிறேன். உன் கால் தரையில் படும்வரை யாரையும் கை காட்ட விடமாட்டேன்.

உன் அக்கா,
கீதாஞ்சலி.