உன் இடுப்பில் இருந்த பிள்ளை

என் செல்ல அக்காவுக்கு,

உன் மகள் ஷாமினிக்கு நாளை மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூலிம் பக்கம் தொழிற்சாலையில் வேலை. நல்ல பையன், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான். முருகன் கண் திறந்துவிட்டார், அக்கா. நீ போனபோது நான்கு வயதில் என் முந்தானையை விடாமல் பிடித்திருந்த பிள்ளை, இப்போது என்னைக் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறாள்.

கல்யாணத்துக்கு முன் முன்னோருக்குப் படையல் போட வேண்டுமே, அதற்கு உன் படம் இல்லாமல் போயிற்று. உன் ஐசி, அதுதான் அடையாள அட்டை, அதிலிருந்த படத்தைப் பெரிதாக்கித்தான் இத்தனை வருஷமும் மாலை போட்டு வந்தோம். போன மழையில் புக்கிட் செலம்பாவ் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, அந்தப் படம், தொட்டதும் கூழாகிவிட்டது. மிச்சம் இருந்தது, பண்டார் பாருவில் மாமா வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்றுதான். ஷாமினியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். அவள் உன் கன்னத்தில் கை வைத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறாள். நீ சிரிக்கிறாய். நினைவிருக்கிறதா?

நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? மாலை போடும் படத்தில் உயிரோடு இருப்பவர் இருக்கக் கூடாது. கூலிம் அண்ணி போனில் சத்தம் போட்டார்: "கல்யாணப் பொண்ணு படத்துக்கு மாலை போடுவியா? பிள்ளைய எடுத்துரு லா!"

ஸ்டூடியோவில் கொடுக்க மனசு வரவில்லை. அங்கே எல்லோரையும் வெள்ளையாக்கி, பின்னால் நீல வானத்தை வைத்துவிடுகிறார்கள். வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில், படம் திருத்தும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். வீட்டுச் செலவைத் தவறாமல் எழுதி வைக்கிறவள் நான், இலவசம் என்றால் நம்புவேனா? எங்கிருந்தாவது பில் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. முகம் தெரியாத யார் யாரோ சேர்ந்து உருவாக்கி, எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறார்களாம். அன்னதானம் மாதிரிதானே, அக்கா?

காணொளிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகினேன். லேயர் என்றால் முதலில் விளங்கவில்லை. பிறகு, படத்தின் மேல் எண்ணெய்க் காகிதம் விரித்து வரைவதுபோல என்று பிடிபட்டது. மேல் தாளில் என்ன கிறுக்கினாலும் அடியில் இருப்பது அப்படியே இருக்கும். அதன் பிறகுதான் தைரியம் வந்தது.

பிள்ளையை மறைத்தேன். அவள் கை இருந்த இடத்தில் உன் கன்னம் ஓட்டையாக நின்றது. மறு கன்னத்தை நகல் எடுத்து, திருப்பி ஒட்டினேன். கூடவே உன் மச்சமும் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மச்சத்தோடு நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்! அதையும் சரிசெய்து, குடும்பத்துக்கென்று இணையத்தில் ஓர் ஆல்பம் திறந்து, எல்லோருக்கும் அனுப்பினேன்.

"சினிமாக்காரி மாதிரி இருக்காடி," என்றார் அண்ணி. "நீ கடையே போடலாம் சரசு. என் மூக்கையும் கொஞ்சம் சின்னதாக்கிக் குடு."

ஷாமினி வேலை முடிந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் திரையைப் பார்த்தாள்.

"சின்னம்மா, அம்மா ஏன் கைய மடக்கி வச்சிருக்காங்க?"

"நீ இருந்த இடம்மா அது."

"அப்ப நான் எங்க?"

வழக்கத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அம்மா என்னைத் தூக்கினதே எனக்கு ஞாபகம் இல்ல சின்னம்மா. இந்தப் படத்துலதான் தூக்கி வச்சிருக்காங்க. அதையும் எடுத்துட்டீங்களா?"

ஒரு பக்கம் இவள் கண்ணீர். இன்னொரு பக்கம், இவள் முகத்தின்மேல் மாலை விழுந்து, கல்யாண நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம். மாரியம்மன் முன்னால் போய் நின்று அழுதேன். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? யார் சொன்னாலும் பிள்ளையை இறக்கி விட்டிருப்பாயா?

வீட்டுக்கு வந்து மேல் தாள்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். பிள்ளை மறுபடியும் உன் இடுப்பில் வந்து உட்கார்ந்தாள். பழைய கறைகளை மட்டும் துடைத்து, அந்தப் படத்தையே ஆல்பத்தில் போட்டேன். உடனே அண்ணி கூப்பிட்டார்.

"சொன்னா கேக்கவே மாட்டியா நீ? மாலைய எங்க போடுவ?"

"மாலை போடல அண்ணி. பூ வைக்கிறேன். அக்கா தலையில மட்டும்."

அண்ணியின் குரல் இறங்கியது.

"சரி, நெருக்கமாக் கட்டு," என்றார். "தளர்த்தியா கட்டுனா அவளுக்குப் பிடிக்காது."

நேற்று படையல் முடிந்தது. கணினியிலேயே பூ வைக்க எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் ஒரு முழம் மல்லிகையை, அச்செடுத்துச் சட்டம் போட்ட படத்தின் கண்ணாடிமேல், உன் தலையோரமாக, என் கையாலேயே ஒட்டினேன். பிள்ளைமேல் ஓர் இதழ்கூடப் படவில்லை. ஷாமினி விழுந்து கும்பிட்டு எழுந்து, வெகுநேரம் உங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் படங்களை நானே ஆல்பத்தில் சேர்ப்பேன், அக்கா. உன் மகளின் நிறத்தைக் கூட்ட மாட்டேன். யாரையும் நீக்க மாட்டேன். குறுக்கே வந்தவர்கள், கண்ணை மூடிக்கொண்டவர்கள், வாயில் வடையோடு நிற்பவர்கள், எல்லோரும் இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கு எந்தப் படம் கடைசியில் மிஞ்சும் என்று நமக்குத் தெரியுமா, சொல்?

உன் மகளுக்குச் சின்னம்மா,
உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
சரசு