கையைத் தூக்கச் சொல்லாத பாதை

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன். வந்த காரியம் நான் நினைத்ததைவிட நன்றாகவே முடிந்தது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ நடுவில் புகுந்து பேச்சை மாற்றிவிடுவாய். காகிதத்தில் உன் ஜம்பம் பலிக்காது. நாளை ஊர் திரும்பும் நம் அணியின் மேனேஜரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு நடுவர்களுக்கான பயிற்சி வகுப்பு பாக்கி இருக்கிறது. அது முடிந்து அடுத்த வாரம்தான் கிளம்புவேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? இதைச் சும்மா மரியாதைக்குக் கேட்கவில்லை. கடைசியில் வருகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நேற்று பெண்கள் வாலிபால் இறுதி ஆட்டத்துக்கு முதல் நடுவர் உன் அக்காதான்! வலைக்குப் பக்கத்தில், ஆள் உயர மேடையில் ஏறி நின்றேன். அரங்கம் முழுவதும் பார்க்கும்படி, வயிறும் வயிற்றில் குடியிருக்கும் நம் வாடகைக்காரருமாக நின்றேன். அவர் சட்டைக்குள் சமர்த்தாக இருந்தார், ஒரு சத்தமில்லை. கடைசிப் புள்ளியில் பந்து வெளியே போய் விழுந்தது. கூட்டம் எழுந்து குதித்தது. தடுத்தவளின் சுண்டு விரலை அது உரசிப் போனதை நான் பார்த்துவிட்டேன். விரலில் பட்டது என்று கை காட்டினேன். அரங்கமே என்னைத் திட்டியது. பாஷை புரியாவிட்டாலும் திட்டு புரியுமில்லையா? பிறகு பெரிய திரையில் அதையே மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். விரல் லேசாக மடங்கியது. திட்டிய அத்தனை பேரும் கை தட்டினார்கள். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். நடுவர் சிரிக்கக் கூடாது. உள்ளுக்குள் நான் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் தெரியும்.

போன வருஷம் இதே நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். உன்னைத் தவிர யாரிடமும் அதை முழுசாகச் சொன்னதில்லை. குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மலம் சேர வயிற்றில் பை, அதாவது நம் வாடகைக்காரரை, வைத்தபிறகு நான் ஏறப் போன முதல் விமானம் அது. விமான நிலையச் சோதனையில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் கையைத் தூக்கி நின்றேன். திரையில் என் வயிற்றில் மஞ்சளாக ஒரு கட்டம் வந்தது. என்ன, ஏது என்று கேட்காமல் சோதனை செய்த அம்மாள் என் சட்டையை மேலே தூக்கினாள். பின்னால் நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் நின்றார்கள். பையின் ஓரம் பிய்ந்து வந்துவிட்டது. மேற்கொண்டு எழுத வேண்டாம். விமானம் ஏறாமல் வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். இனி விசிலும் வேண்டாம், பள்ளிக்கூட மைதானமும் வேண்டாம் என்று உன் மாமாவிடம் சொன்னேன். அவரும் பாவம், சரி என்றுவிட்டார்.

சரி என்று சொல்லாதவள் நீ ஒருத்திதான். இந்தப் போட்டிக்கு அழைப்பு வந்து நான் மறுக்கப் போகிறேன் என்றதும், “அக்கா, டிக்கெட் போடறது என் தொழில். அந்தக் கூண்டே இல்லாத ஏர்போர்ட்டா பார்த்து நான் ரூட் போடறேன், நீ பெட்டியைக் கட்டு” என்று சொன்னாய். சொன்னதைச் செய்தாயே! சாப்பாட்டு நேரத்தில் கவுண்டரை மூடிவிட்டு, ஊர் ஊராகப் போன் போட்டு, “உங்க ஏர்போர்ட்ல ஆளை நிக்க வச்சுக் கையைத் தூக்கச் சொல்ற மிஷின் இருக்கா, இல்ல நடந்து போற வளைவு மட்டும்தானா?” என்று நீ விசாரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் மேலாளர் கேட்டுவிட்டு, நீ ஏதோ கடத்தல் கும்பலில் சேர்ந்துவிட்டாய் என்று அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தாராமே. விஷயத்தைச் சொன்னதும் மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மீதி இரண்டு ஊருக்குத் தானே பேசினாராம். அவருக்கு என் நன்றியைச் சொல்.

ஒரே விமானத்தில் நேராக வரவேண்டியவளை, மலையூர், தீவு, துறைமுக ஊர் என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட வைத்தாய். ஆனால் பாதை கச்சிதம். மலையூரில் வளைவுக்குப் பக்கத்தில் இருந்த காவலர் என் விசிலைத்தான் விசாரித்தார். ஊதிக் காட்டச் சொன்னார், காட்டினேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. வயிற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தீவிலும் அப்படியே. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

அங்கேதான் கதை மாறியது. துறைமுகத்துக்குப் போகும் விமானத்தில் என்னவோ கோளாறு, ரத்து என்றார்கள். கவுண்டர்ப் பெண் பெரிய உபகாரம் செய்வதுபோல், அந்தக் கூண்டு வைத்திருக்கும் மாபெரும் விமான நிலையம் வழியாக இடம் போட்டுக் கொடுத்தாள். நீ எதைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டாயோ, அதே இடம்! உனக்குப் போன் செய்தேன். “அங்கேயே இரு அக்கா, நாளைக்கு வேற ரூட் போட்டுத் தர்றேன்” என்றாய். நாளைக்குப் போனால் நடுவர்கள் கூட்டம் முடிந்திருக்கும், என் பெயரை எடுத்துவிடுவார்கள். போகிறேன் என்று சொன்னேன். நீ அழுதாய். நான் அழாததற்குக் காரணம் தைரியம் இல்லை. விமானத்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த இடம் எப்படி இருந்தது என்கிறாய்! நம் பள்ளி மைதானத்தைப்போலப் பத்து மடங்கு. வரிசை பாம்பாக வளைந்து வளைந்து போனது. நாலு கண்ணாடிக் கூண்டுகள். ஒவ்வொருவராக உள்ளே போய், சரணடைந்தவர்கள் மாதிரி கையைத் தூக்கி நின்று வெளியே வந்தார்கள். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். என் முறை வந்தபோது ஒரு வார்த்தை வரவில்லை. இளம் அதிகாரி ஒருவன், “உள்ள போங்க, உள்ள போங்க” என்று கையை ஆட்டினான்.

என் கை தானாக எழுந்தது. ஒரு கையை நிமிர்த்தி, அதன் விரல் நுனியில் மறு கையின் உள்ளங்கையை வைத்தேன். டைம் அவுட், ஆட்டத்தை நிறுத்தும் சைகை! இருபது வருஷப் பழக்கம் வேறு எதைக் காட்டும்? அவன் திகைத்து நின்றான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த நொடியில் எனக்குக் குரல் வந்தது. அதுவும் மைதானத்துக் குரல். “எனக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. வயித்துல பை இருக்கு. தனி அறை வேணும், பெண் அதிகாரி வேணும். என் பையை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. நானே தொடறேன், என் கையை நீங்க சோதிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவன் விடவில்லை. எல்லாருக்கும் ஒரே விதிதான், கூண்டுக்குள் போய்த்தான் ஆகவேண்டும் என்றான். விதி பேசுபவர்களிடம் பேச எனக்குச் சொல்லித் தரவேண்டுமா? “விதி எனக்கும் தெரியும். உங்க மேலதிகாரியைக் கூப்பிடுங்க, நான் இங்கயே நிக்கிறேன்” என்றேன். வரிசையில் முணுமுணுத்தார்கள். ஒருவர் தன் விமானம் போய்விடும் என்று கத்தினார். நான் நகரவில்லை. எத்தனை அணித்தலைவிகள் என் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறார்கள்! மேலதிகாரி வந்தார். நரைத்த கிராப்பு வைத்த பெண்மணி. நான் சொன்னதைக் கேட்டார். அவனிடம், “இவங்க கேக்கறது சரிதான். அறையைத் திற” என்று மட்டும் சொன்னார்.

அறையில் ஒரு நாற்காலி, ஒரு மேசை, சாத்திய கதவு. சட்டைக்கு மேலேயே பையைத் தொட்டேன். அந்தப் பெண்மணி என் உள்ளங்கையைத் துணித்துண்டால் துடைத்து, வெடிமருந்து தேடும் எந்திரத்தில் அந்தத் துண்டை வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. “முடிஞ்சுது, கிளம்புங்க” என்றார். அவ்வளவுதான் வாலு! காலணியைக் கழற்றி மாட்டும் நேரம்கூட ஆகவில்லை. ஒரு வருஷம் இதற்காகவா வீட்டில் அடைந்து கிடந்தேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், சும்மா சந்தோஷம் என்றேன். வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் நின்றிருந்த முன்பின் தெரியாத பெண் ஒருத்தி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ராணி மாதிரி நடந்து போய் விமானம் ஏறினேன்.

இனி நீ பேச்சை மாற்ற முடியாத இடத்துக்கு வருகிறேன்.

நேற்று ஆட்டம் முடிந்ததும் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். வாழ்த்துச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு வந்த அதே குடல் நோய்தான் உனக்கும் வந்திருக்கிறதாம். அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லிப் பல வாரம் ஆகிறதாம், நீதான் தள்ளிப்போடுகிறாயாம். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினாயாம். அவர்மேல் கோபப்படாதே. நல்லவேளை, சத்தியத்தை மீறினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதை போடும்போதெல்லாம் நீ ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தாய். குப்புறப் படுக்க முடியுமாக்கா, குளிக்கும்போது என்ன செய்வாய், புடவை கட்டினால் தெரியுமா என்று. என்மேல் கரிசனம் என்று நினைத்து, பாதியைச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது ஒழுங்காகப் பதில் சொல்கிறேன், கேள். குளிக்கலாம், நீந்தலாம். ஒருக்களித்துப் படுத்தால் நன்றாகத் தூக்கம் வரும். புடவைக்குள் இருப்பது நாம் சொன்னால்தான் பிறருக்குத் தெரியும். முதல் மாதம் அழுவாய். அதை மறைத்துப் பொய் சொல்லமாட்டேன். பிறகு ஒரு நாள் பசிக்கும். வலியில்லாமல் சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று அன்றைக்குத்தான் தெரியும். உன் வீட்டுக்காரர் ஓடிப்போக மாட்டார், நான் விசாரித்துவிட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் மருத்துவருக்குப் போன் செய். நான் வரட்டும் என்று காத்திருக்காதே. நான் வந்து இறங்கும்போது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. பெட்டியோடு நேரே அங்கேதான் வருவேன். முதல் தடவை பை மாற்றும்போது கண்ணை மூடிக்கொள், நான் மாற்றுகிறேன். இரண்டாவது தடவை நீயே மாற்றுவாய்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தங்கை.

உன் பதிலுக்கு இல்லை, உன் சம்மதத்துக்குக் காத்திருக்கும்,
அக்கா