ஒரே கதவு எண்ணில் இரண்டு அடுப்பு: இணையப் பதிவு மறுக்கப்படுவது குறித்து

அனுப்புநர்
கண்ணம்மை சோமு,
14, கீழத் தெரு (பின்வாசல்: 31, மேலத் தெரு),
செவ்வூரணிப்பட்டி,
திருமயம் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வீடு தேடி பிசியோதெரபி – இணையப் பதிவுப் பிரிவு,
புதுக்கோட்டை.

பொருள்: பக்கவாதம் வந்த என் கணவருக்கு வீட்டில் பயிற்சி அளிக்கக் கோரிய பதிவைக் கணினி ஏற்காதது – நேரில் ஆள் அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் தளத்திலிருந்து வந்த 'சேவை நிறைவடைந்தது' என்னும் குறுஞ்செய்தி.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா (தளத்தில் தங்கள் பதவி மட்டுமே இருந்தது, பெயர் இல்லை),

1. என் கணவர் சோமு அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற ஆடி மாதம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆறு மாதத்துக்குள் விடாமல் பயிற்சி கொடுத்தால்தான் கை திரும்பும் என்றும், வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஏற்பாடு உண்டு, இணையத்தில் பதிந்தால் போதும் என்றும் மருத்துவர் சொன்னார். அந்தப் 'போதும்' என்ற சொல்லை நம்பிக் கார்த்திகை வரை வந்துவிட்டேன். இன்னும் பதிந்தபாடில்லை.

2. எங்கள் வழக்கத்தைச் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனுக்குக் கல்யாணமானதும் எங்கள் சமூகத்தில் அவனை வேறு வைத்துவிடுவார்கள். வீடு பொது, அடுப்பு தனி. கோயில் வரிக் கணக்கிலும் ஒவ்வொரு தம்பதியும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். அப்படித்தான் நாங்களும் என் கணவருடைய தம்பி அடைக்கப்பன் குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம். சண்டை ஏதுமில்லை, குழம்பு இரு பக்கமும் போய்வரும். ஆனால் தங்கள் தளத்தில் 14 என்று கதவு எண்ணைப் போட்டதும், அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் பதிந்துவிட்டது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அது அடைக்கப்பனின் மனைவி வித்யா தன் மூட்டுவலிக்காகப் பதிந்தது. அவள் குணமாகட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. என் கணவர் எங்கே போவார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

3. சேவை மையத்தில் தட்டச்சு செய்து தரும் வைஷ்ணவி என்ற பெண், '14அ' என்று போட்டுப் பார்க்கலாம் என்றாள். போட்டதும் பெட்டிக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது. சமர்ப்பித்ததும் நிரப்பியதெல்லாம் அழிந்து 'உள்ளீடு செல்லாது' என்று வந்தது. எந்த உள்ளீடு என்று சொல்லவில்லை. கைப்பேசி எண்ணை மாற்றினோம், பெயரின் புள்ளியை எடுத்தோம், பிறகு வைத்தோம். ஒவ்வொரு தடவையும் முதலில் பச்சை, பிறகு செல்லாது. வாசலில் வாங்க என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே போனதும் யார் நீங்கள் என்று கேட்டால் விருந்தாளி என்ன செய்வார்?

4. வித்யாவின் மகன் ராம்நாத் பெங்களூரில் ஜாவா என்னும் கணினி மொழியில் வேலை பார்ப்பவன். ஜாவா என்றால் எங்கள் முன்னோர் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போன தீவுகளில் ஒன்று என்றே இதுவரை நினைத்திருந்தேன். கோயில் வழிபாட்டுக்கு வந்தவன் தளத்தைத் திறந்து பார்த்தான். நாம் பார்க்கும் பக்கத்தில் ஒரு சோதனை, உள்ளே ஜாவா நிரலில் இன்னொரு சோதனை. வெளியே எழுத்தைச் சேர்க்கலாம் என்கிறது, உள்ளே எண் மட்டும்தான் என்கிறது. மாற்றியபோது ஒரு பக்கத்தை மறந்திருப்பார்கள் என்று விளக்கினான். எனக்குப் பாதி புரிந்தது. கடைசியில் அவன் சொன்னது மட்டும் முழுதாகப் புரிந்தது: "பெரியாத்தா, தப்பு நீங்க போடுறதுல இல்ல. ஒரு வீட்டுல ஒரு அடுப்புதான் எரியும்னு எழுதுனவங்க நெனச்சுட்டாங்க." அவனே தளத்தாருக்கு மின்னஞ்சல் அனுப்பினான். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. அந்தப் பதிப்பு எப்போது என்று அதில் இல்லை.

5. எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பின்வாசலுக்கு 31 என்று தனி எண் உண்டு. அதையே போடலாம் என்றாள் வித்யா. பொய்யில்லையே, அதுவும் நம் வாசல்தானே என்று போட்டோம். உடனே ஏற்றுக்கொண்டது. அன்று நான் பாயசம் வைத்தேன் என்பதைத் தங்களிடம் மறைப்பானேன்.

6. பயிற்சி அளிப்பவர் வந்திருக்கிறார், அந்தப் பின்வாசலுக்கு. அது எப்போதும் உள்ளே தாழிட்டே இருக்கும். என் கணவர் முன்கட்டில் படுத்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் இருந்தேன். நடுவில் முற்றமும் அறைகளுமாக இரண்டு வளவு இருப்பதால் தட்டியது கேட்கவில்லை. எங்கள் சுவர்களுக்குள் கைப்பேசி சிக்னலும் எடுக்காது. வீடு பூட்டியிருப்பதாக எழுதிவிட்டு அவர் போய்விட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். மறுநாள் வந்ததுதான் பார்வையில் கண்ட குறுஞ்செய்தி. என்ன சேவை, யாருக்கு நிறைவடைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

7. மறுபடி பதியப் போனால், இந்த ஆதாருக்குச் சேவை வழங்கியாகிவிட்டது என்கிறது. முன்வாசலில் வித்யா இருக்கிறாள் என்று மறுப்பு. பின்வாசலில் எல்லாம் முடிந்தது என்று மறுப்பு. ஒரே கதவு எண்ணுக்கு நாலு குடும்பத்துக் கடிதம் வந்தாலும் உரியவர் கையில் சேர்த்தவர் என் கணவர். அவரை எந்த எண்ணில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கோபப்படுவது என்றும் தெரியாததால் வைஷ்ணவியிடம் கோபப்பட்டுவிட்டேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்.

8. ஆகவே, முடித்துவைத்த பதிவைத் திறக்கவும், ஒரு கதவு எண்ணில் இரண்டு குடும்பம் இருக்கலாம் என்பதைக் கணினிக்கு உணர்த்தவும் பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு நாளாகுமென்றால் ஆகட்டும். பயிற்சி அளிப்பவரை மட்டும் இந்த வாரமே அனுப்பிவையுங்கள். போன மாதம் வலது கையின் சுண்டுவிரல் லேசாக அசைந்தது. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர ஆளில்லாமல் அது அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

இடம்: செவ்வூரணிப்பட்டி
நாள்: 24.11.2025

தங்கள் உதவியை எதிர்பார்த்திருக்கும்,
கண்ணம்மை சோமு
சோமு

குறிப்பு: தானும் கையொப்பமிட்டே தீருவேன் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். இது அவர் இடது கையால் போட்டது. ஆதாரத்துக்காக எந்தப் பழைய கையொப்பத்தோடு ஒப்பிட்டாலும் பொருந்தாது. செல்லாது என்று தள்ளிவிடாதீர்கள். அவர்தான் போட்டார், நான் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.